கொடியைப் போர்த்திக்கொண்டு படுக்கலாமா?

மட்டக்களப்பில் இருந்துகொண்டு போர்வை தைப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறேன் என்று சொன்னால் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். சிரிக்கத்தான் வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இங்கே ஒரு பழஞ்சாரம் மேலில் கிடந்தாலே புழுங்கும். மார்கழி, தை மாரியில் சில இரவுகள் வாவிப் பக்கமிருந்து கூதல் அடிக்கும், அவ்வளவுதான். அந்தச் சில இரவுக்காக யாரும் மாதக்கணக்கில் குந்தியிருந்து தைக்க மாட்டார்கள்.

ஆனால் நான் தைக்கிறவை பெரும்பாலும் இந்த ஊரில் கிடப்பதில்லை. ரொறன்ரோ, லண்டன், சூரிச், ஒஸ்லோ என்று போய்விடுகின்றன. எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் பனி கொட்டுகிற இடங்களில்தானே இருக்கிறார்கள். பயணப் பெட்டியில் மிளகாய்த்தூளுக்கும் கருவாட்டுக்கும் நடுவே ஒரு போர்வைக்கு இடம் பிடிப்பது லேசான காரியமில்லை. நிறையைப் பார்த்ததும் முதலில் வெளியே எடுத்து வைக்கிற சாமான் அதுதான். "மாமி, இதை அடுத்த முறை கொண்டுபோறன்" என்று சொல்லிவிட்டு முறுக்கு டின்னை உள்ளே வைத்த மருமகன் எனக்கு உண்டு.

கொடி போட்டு ஒரு போர்வை தைத்துத் தரும்படி ஒருத்தி என்னிடம் கேட்டதையும், நாட்டுப்பற்றுக்கும் போர்வைக்கும் என்ன தொடர்பு என்பதையும் பற்றித்தான் இது. அதற்கு முதல், தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்வது கடையில் விற்கிற கம்பளி இல்லை. துண்டுத் துணிகளை ஒழுங்கு வைத்துப் பொருத்தி மேல் பக்கத்தைத் தைப்பது, கீழே ஒரு முழுத் துணி, நடுவில் கனத்துக்கு ஏதாவது, பிறகு மூன்று அடுக்கும் அசையாமல் ஊடுருவித் தையல் போடுவது. அமெரிக்காவில் குவில்ட் என்பார்கள். வங்காளத்தில் பழைய சீலைகளை அடுக்கி நூலோட்டம் போட்டுச் செய்வது காந்தா. சிந்துவில் ரில்லி என்று இருக்கிறது. நம்மிடமும் இந்த வேலை இல்லாமலில்லை. தேரில் தொங்குகிற தொம்பையைக் கிட்டப் போய்ப் பாருங்கள், துணிமேல் துணி வெட்டி வைத்துத் தைத்ததுதான். படுக்கைக்கு மட்டும் நாங்கள் அதைக் கொண்டுவரவில்லை. இங்கே படுக்கைக்கு அழகு என்றால் சாயம் போட்ட பன்பாய். இந்த வெக்கைக்கு அதுதான் புத்தியான காரியம்.

துணிக்கு நான் காசு கொடுப்பது குறைவு. தையற்கடைகளில் வெட்டி விழுந்த துண்டுகளைப் பையில் கட்டி வைத்திருப்பார்கள், சில இடங்களில் சும்மாவே தருவார்கள். மருதமுனைக்குப் போனால் கைத்தறித் துணியின் ஓரங்கள், நெசவில் பிழைத்துப்போன சாரங்கள் கிடைக்கும். கைத்தறிச் சிவப்புக்கும் பச்சைக்கும் ஒரு கனம் உண்டு. கடைத் துணி அதற்குப் பக்கத்தில் வைத்தால் வெளிறித் தெரியும். ஆனால் சிவப்பை நம்பக்கூடாது. எந்தச் சிவப்புத் துணி வந்தாலும் முதலில் தனியாக நனைத்து, ஒரு வெள்ளைத் துணிமேல் ஈரத்தோடு போட்டுவைத்து விடியப் பார்க்க வேண்டும். வெள்ளையில் ரோசா நிறம் ஏறியிருந்தால் அந்தச் சிவப்பை இன்னும் பலமுறை அலச வேண்டும், அல்லது வெள்ளை வராத போர்வைக்கு ஒதுக்க வேண்டும்.

நடுவில் வைக்கிற பஞ்சுத் தகடு இங்கே கடைகளில் கிடைக்காது. இலவம்பஞ்சு வைத்தால் ஒரு தோய்ச்சலோடு எல்லாம் மூலைக்குப் போய் உருண்டையாகிவிடும். ஆகவே நான் வைப்பது பழைய நூல் சீலை. உடுத்து உடுத்துத் தோய்த்த சீலையைப் போல மெத்தென்று படிகிற சாமான் வேறில்லை. குளிர் நாட்டுக்குப் போவதென்றால் மூன்று சீலை, ஊரோடு இருப்பதென்றால் ஒன்றோ இரண்டோ. வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. அம்மாவின் வெளிர்நீல வொயில் சீலை ஒன்று இப்போது நோர்வேயில் யாருடைய மேலிலோ கிடக்கிறது.

தையலில் கஷ்டமான இடம் எது என்று கேட்பார்கள். ஊசியை விட அளவுதான். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும். ஆறங்குலச் சதுரம் வேண்டுமென்றால் ஆறரை அங்குலம் வெட்ட வேண்டும். ஒரு தையலில் நூலிழை அளவு கூடினால் யாருக்கும் தெரியாது. வரிசை முடிகிறபோது ஒரு அங்குலம் குறைந்திருக்கும், அடுத்த வரிசையோடு மூலைக்கு மூலை சேராது. என்னுடைய சிங்கர் கால்மெசினின் தட்டில் கால் அங்குலத்தில் பிளாஸ்டர் ஒட்டி வைத்திருக்கிறேன். அந்தக் கரையை விட்டுத் துணி விலகக்கூடாது. ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் அயன் பண்ண வேண்டும், கடைசியில் ஒரேயடியாகப் பண்ணலாம் என்று விட்டால் முக்கோணங்களின் கூர் எல்லாம் மழுங்கிப்போகும்.

நாட்டுப்பற்றுக்கும் போர்வைக்கும் என்ன தொடர்பு என்பதற்கு இப்போது வருகிறேன். அமெரிக்காவில் இது பெரிய சங்கதி. மட்டக்களப்பில் வளர்ந்த எங்களுக்கு அமெரிக்கா அவ்வளவு தூரமும் இல்லை. புனித மிக்கேல் கல்லூரியில் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த யேசு சபைக் குருமார் படிப்பித்தார்கள், வெபர் மைதானத்தின் பெயரே அவர்களில் ஒருவருடையது. சிறு வயதில் நான் பார்த்த முதல் குவில்ட் அப்படி வந்த ஒரு சாமியாருடையதுதான். மாரி விட்டதும் வெயிலில் காயப் போட்டிருந்தார்கள். நீலம், சிவப்பு, வெள்ளையில் பெரிய எண்கோண நட்சத்திரம். இந்த வெக்கையில் இதை ஏன் அங்கிருந்து சுமந்து வந்தார் என்று அம்மாவிடம் கேட்டேன். "அவரிட அம்மா தைச்சுக் குடுத்திருப்பா மகள்" என்றார்.

அந்த நாட்டில் உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861இலேயே ஒரு பெண்கள் சஞ்சிகை கொடியின் கோடுகளையும் நட்சத்திரங்களையும் வைத்துப் போர்வை தைக்க மாதிரிப் படம் போட்டிருக்கிறது. இன்றைக்கு அதன் பெரிய வடிவம் குவில்ட்ஸ் ஒஃப் வேலர் என்கிற அமைப்பு. மகன் ஈராக் போருக்குப் போயிருந்த நேரத்தில் கத்தரின் ரொபர்ட்ஸ் என்கிற தாய் ஒரு கனவு கண்டாராம்: நடு இரவில் ஒரு இளைஞன் கட்டில் ஓரத்தில் கூனிக் குந்தியிருக்கிறான், அடுத்த காட்சியில் அவன் மேல் ஒரு குவில்ட் கிடக்கிறது, முகம் தெளிந்திருக்கிறது. 2003இல் அவர் தொடங்கியது இப்போது மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட போர்வைகளைக் கொடுத்திருக்கிறது. முதலாவது போனது வோல்டர் றீட் இராணுவ மருத்துவமனைக்கு, ஈராக்கில் காலை இழந்த ஒரு இளம் சிப்பாய்க்கு. அளவுகூடச் சொல்லிவைத்திருக்கிறார்கள், ஏறத்தாழ அறுபதுக்கு எண்பது அங்குலம். ஒரு ஆளை முழுதாகப் போர்த்த வேண்டும் என்பதுதான் கணக்கு.

இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று இருக்கிறது. அமெரிக்கக் கொடி விதிகளை 1923இல் எழுதி 1942இல் சட்டமாக்கினார்கள். அதில் கொடியை உடுப்பாகவோ, படுக்கை விரிப்பாகவோ, திரைச்சீலையாகவோ பாவிக்கக்கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. மீறினால் தண்டனை இல்லை, வழிகாட்டல் மட்டும். ஆகவே அங்கே கவனமான தையற்காரிகள் கொடியையே தைக்காமல் அதன் நிறங்களையும் நட்சத்திரங்களையும் பிரித்தெடுத்து வேறு ஒழுங்கில் வைக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கும் இந்த ரோசம் இல்லாமலில்லை. 2021இல் இலங்கைக் கொடி போட்ட கால்துடைப்பான் அமேசனில் விற்பனைக்கு வந்தபோது தூதரகம் வரை பிரச்சினை போனது.

நான் கொடி தைப்பதில்லை. சட்டம் அதற்குக் காரணமில்லை. போர்வை என்பது வேர்க்கிற, எச்சில் படுகிற, குழந்தை மூத்திரம் பெய்கிற சாமான். அது பாவிக்கப்பட வேண்டும். கொடி போட்டால் மடித்து அலுமாரிக்குள் வைத்துவிடுவார்கள், தோய்க்கப் பயப்படுவார்கள். அதோடு, இந்தப் பக்கத்தில் கொடியைப் பார்க்கிற கண்கள் எல்லாம் ஒன்றில்லை. அதை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

தையற்காரியாகக் கொடியை ஒருநாள் மேசையில் விரித்து வைத்துப் பார்த்தேன். சிவப்புப் பெட்டிக்குள் சிங்கம், மூலைக்கொரு அரச இலை. இடப்பக்கம் பச்சையும் செம்மஞ்சளுமாக இரண்டு நெட்டுக் கோடுகள், முஸ்லிம்களுக்கு ஒன்று, தமிழருக்கு ஒன்று. சுற்றி மஞ்சள் கரை. அந்தக் கரை வெளியே மட்டும் ஓடவில்லை, கோடுகளுக்கும் சிங்கத்துக்கும் நடுவிலும் இறங்குகிறது. தையல் கணக்கில் அது ஒரு போர்வை இல்லை, ஒரே கரை போட்ட இரண்டு பெட்டிகள். 1948இல் கொடிக்காக ஒரு குழு போட்டார்கள், 1951இல் இந்த வடிவம் வந்தது. குழுவில் இருந்த செனட்டர் நடேசன் இதற்கு உடன்படாமல் தனியாகக் கருத்து எழுதி வைத்தார். அவருக்குத் தைக்கத் தெரியுமோ என்னவோ, பெட்டி வேறு வேறாக இருப்பது அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

இப்படி ஒரு பிடிவாதத்தோடு இருக்கும்போதுதான் உகணையில் இருக்கிற சிநேகிதி கேட்டாள். அம்பாறையில் அரசாங்க வேலையில் ஒரே பிரிவில் இருந்தவர்கள் நாங்கள். அவள் தமிழ் பேசுவாள், நான் சிங்களம் பேசுவேன், இரண்டும் அரைகுறை. அவளுடைய மகன் ஆமியில் இருந்து காலை இழந்தவன். எங்கள் வீட்டிலும் திரும்பி வராத ஒருவர் இருக்கிறார். அது அவளுக்குத் தெரியும், அவளுடையது எனக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிட்ட அத்தனை காலத்திலும் இரண்டையும் நாங்கள் மேசைக்குக் கொண்டுவந்ததில்லை.

"அக்கா, மகனுக்கு ஒண்டு தைச்சுத் தருவீங்களா? கொடி போட்டு" என்றாள்.

"கொடி போட மாட்டன் நங்கி. நிறத்தைப் போட்டுத் தாறன்."

கொஞ்ச நேரம் தொலைபேசியில் சத்தமில்லை. பிறகு, "அரச இலையாவது?" என்றாள்.

பேரம் பேசுகிறாள் என்று சிரிப்பு வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உண்மையில் யோசித்தேன். யாருக்காகத் தைக்கிறேன் என்பதை விட, தைத்தால் வீட்டில் யார் என்ன சொல்வார்கள் என்பதுதான் முதலில் தலைக்குள் ஓடியது. மச்சாள் சொன்னாள்: "உனக்கென்ன விசரா? அவனுக்கு அரசாங்கம் எல்லாம் குடுக்கும்." அண்ணன் எதுவும் சொல்லவில்லை. வெட்டு மேசையில் குவிந்து கிடந்த துணியைப் பார்த்துவிட்டு, விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

அந்த நாட்களில் சாங்கி சிறைப் போர்வைகளைப் பற்றி அடிக்கடி நினைத்தேன். 1942இல் சிங்கப்பூரை ஜப்பானியர் பிடித்த பிறகு பெண்களையும் பிள்ளைகளையும் சாங்கியில் அடைத்தார்கள். கணவன்மார் வேறு இடத்தில், உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாது. பெண்கள் ஆளுக்கொரு துண்டுத் துணியில் பெயரையும் ஏதாவது ஒரு படத்தையும் தைத்தார்கள். அறுபத்தாறு சதுரங்களைச் சேர்த்து ஒரு போர்வை, அப்படி மூன்று. பெயரைப் பார்த்தாலே கணவனுக்கு மனைவி உயிரோடிருப்பது தெரிந்துவிடும், அதற்காகத்தான். ஒன்று பிரித்தானியக் காயக்காரருக்கு, ஒன்று அவுஸ்திரேலியருக்கு. மூன்றாவது ஜப்பானியக் காயக்காரருக்கு, அவர்களுடைய துன்பத்தில் எங்கள் அனுதாபம் என்று பின்பக்கத்தில் எழுதி. மற்ற இரண்டும் சிறை அதிகாரியின் கையைத் தாண்டிப் போவதற்கான தந்திரம் அது என்பார்கள். இருக்கட்டும். தந்திரத்துக்காக என்றாலும் அறுபத்தாறு சதுரத்தையும் யாரோ குந்தியிருந்து தைத்திருக்கிறார்கள், நூல் பிசகாமல். மூன்றும் இன்றைக்கும் இருக்கின்றன, இரண்டு கன்பராவில் அவுஸ்திரேலியப் போர் நினைவகத்தில், ஒன்று பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கத்திடம்.

தைத்தேன். நடுவில் ஒரு சின்னச் சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிக் கீலம் கீலமாகத் துணி வளர்த்துக்கொண்டு போவது. அமெரிக்காவில் இதை மரவீட்டு மாதிரி என்பார்கள், நடுச் சதுரத்தை அடுப்புக்காகச் சிவப்பில் வைப்பது அங்கே வழக்கம். நான் மஞ்சள் வைத்தேன். கரைக்கு என்று தனியாக மஞ்சளே வைக்கவில்லை. மருதமுனைச் சாரத்தின் கருஞ்சிவப்பு, பச்சை, செம்மஞ்சள் மூன்றையும் கீலமாக வெட்டி, எது எதற்குப் பக்கத்தில் என்று பாராமல் பையிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துத் தைத்தேன். பாராமல் என்று சொன்னாலும் இரண்டு பச்சை சேர்ந்து வந்தால் ஒன்றைத் திரும்பப் போட்டுவிட்டேன், கண் கேட்காது.

அரச இலைக்கு ஒரு வழி கிடைத்தது. மூன்று அடுக்கையும் சேர்த்துப் போடுகிற கைத்தையல் இருக்கிறதே, அதை நேர்கோட்டில் போடாமல் நான்கு மூலையிலும் இலை வடிவில் போட்டேன், துணியின் நிறத்து நூலிலேயே. நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாது. யன்னல் பக்கம் சரித்துப் பிடித்தால் மேடு பள்ளத்தில் இலை எழும்பும், நுனி வால் உட்பட. அரசமரம் எங்கள் பிள்ளையாருக்கும் நிழல்தானே, எனக்கு அதில் சங்கடமில்லை.

கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்தப் பொடியன் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். தையலைப் பார்க்கத் தெரிந்தவன். உள்ளே என்ன என்று கேட்டான். பழைய சீலை என்றேன். யாருடையது என்றான். ஒன்று என்னுடையது, ஒன்று என் அம்மாவுடையது. தலையை ஆட்டிவிட்டு, மெசினில் தோய்க்கலாமா என்று கேட்டான். தோய்க்கலாம், பிழிகிற சுற்றைக் குறைத்துப் போடு என்றேன். அவன் அம்மாதான் இலையைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தாள், நான்கையும்.

பிறகு அவள் குறைப்பட்டாள். மகன் அதைப் போர்த்துவதே இல்லையாம், நாலாக மடித்துக் கதிரையில் வைத்து வெட்டுப்பட்ட காலுக்குக் கீழே கொடுத்துக்கொள்கிறானாம். "இவ்வளவு வேலை செஞ்சு குடுத்தீங்க அக்கா, அவன் தலையணை மாதிரி வெச்சிருக்கான்." எனக்கு அதில் குறையே இல்லை. சிங்கம் போட்டுத் தைத்திருந்தால் அவன் அதன்மேல் காலை வைத்திருக்க மாட்டான்.

மற்றபடி நான் அதிகம் தைப்பது ஊர்தான். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு இலங்கை என்றால் என்ன என்று கேட்டால் கொடியையா சொல்லப்போகிறார்கள்? கல்லடிப் பாலத்தைச் சொல்வார்கள், எங்கள் வாவியில் பாடுகிறது என்று சொல்கிற பாடுமீனைச் சொல்வார்கள். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம் தையலுக்கென்றே கட்டினது போல இருக்கிறது. சட்டங்கள் முக்கோணம் முக்கோணமாகத்தான் பின்னியிருக்கும், குவில்ட்டின் அடிப்படையே முக்கோணம். இரண்டு சதுரத் துணியைச் சேர்த்து வைத்து, மூலைக்கு மூலை கோடு கீறி, கோட்டின் இரு பக்கமும் தைத்து நடுவே வெட்டினால் இரண்டு சதுரம் கிடைக்கும், ஒவ்வொன்றிலும் பாதிக்குப் பாதி நிறம். சாம்பலும் நீலமுமாக அவற்றை வரிசையில் வைத்தால் பாலம் வந்துவிடும். பக்கத்தில் கட்டின புதுப்பாலம் வசதியானதுதான், ஆனால் தைக்க அதில் ஒன்றுமில்லை.

மீன் கஷ்டம். வளைவை மெசினில் அடித்தால் சுருங்கும். கையால் ஓரத்தை மடித்து மடித்து ஒளித்தையல் போட வேண்டும். மீனை விட அதைச் சுற்றி வாவி நீருக்காகப் போடுகிற வளையம் வளையமான கைத்தையல்தான் எனக்கு இஷ்டம். வடமோடிக் கூத்தில் ஆடுகிறவர்கள் போடுகிற கரப்புடுப்பின் நிறங்களை வைத்தும் ஒன்று தைத்தேன், சரிவரவில்லை. மேடையில் பளபளக்கிறது படுக்கையில் கண்ணைக் குத்துகிறது.

இப்போது மெசினில் கிடப்பது மருமகளின் மகனுக்கு. ரொறன்ரோவில் பிறந்தவன், கனடாக் குடிமகன். "அம்மம்மா, மேப்பிள் லீஃப் வேணும்" என்று வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருக்கிறான். மேப்பிள் இலை குவில்ட்டில் பழைய மாதிரி, ஒன்பது சதுரக் கட்டம்: மூன்று முழுச் சிவப்பு, நான்கு பாதிக்குப் பாதி, ஒன்று வெறும் வெள்ளை, ஒன்று காம்பு. 1965இல் வந்த அவர்களுடைய கொடியில் இருக்கிற பதினொரு முனை இலையைவிட இது தைக்கச் சுகம். நான் இலையும் வைக்கிறேன், மூலையில் ஒரு பாடுமீனும் வைக்கிறேன். அவனுடைய தாய், இரண்டும் சேருமா மாமி என்று கேட்டாள். இரண்டும் நூல் துணிதான், ஒரே தோய்ச்சலில் போடலாம் என்றேன்.

விலை கேட்கிறவர்களுக்கு: விற்பதில்லை. தையற்கூலி கணக்குப் பார்த்தால் யாரும் வாங்க மாட்டார்கள், குறைத்துச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். பரிசாகக் கேளுங்கள், முறைக்கு நிற்பீர்களானால் தருவேன். துணி கொண்டுவந்து தர விரும்பினால் நூல் துணியாகக் கொண்டுவாருங்கள். பொலியெஸ்டர் வேண்டாம், அயன் பட்டால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். பழைய சீலை என்றால் தோய்த்துக் கொண்டுவாருங்கள், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.